தேயாத இரும்பைத் தேடிய வரலாறு



எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் முன்னோர் கண்டறிந்த உண்மை. நாள்தோறும் அரைத்து அரைத்து அம்மி வழுவழுப்பாகிவிட்டால், அதனைக் கொத்திக் கொடுப்பதற்குத் தெருவழியே ஆள் வருவதை நம்முள் முதியோர் பலர் கண்டிருப்பர். கல் தேய்ந்தால் கொத்திக் கொள்ளலாம். இரும்பு தேய்ந்தால் என் செய்வது? அதனைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவதன்றி வேறு வழியில்லை. அந்த வேறொன்று எங்கிருந்து வருகின்றது, அதனை ஆக்கும் அறிவு எவரிடம் இருக்கின்றது என்னும் வினாக்களே இன்றைய பேச்சுக்குப் பொருள்.

வெள்ளவத்தைக் கடலோரத்தில் வாழ்பவர்களுக்குப் புகையிரதத்தின் ஓசை அலையோசையைப் போலவே பழகிப்போன ஒன்று. வண்டி நிலையத்தை அணுகும் வேளையில் ஒரு நீண்ட கீச்சொலி எழும். சுழலும் சில்லைப் பிரேக் கட்டை பற்றி அழுத்துவதால் எழும் ஒலி அது. புகையிரதத்தின் வரலாற்றில் மிக நீண்ட காலம் அக்கட்டை வார்ப்பிரும்பாலேயே ஆக்கப்பட்டது. ஒவ்வொரு முறை வண்டி நிற்கும்போதும் அது சிறிதளவு தேய்கின்றது. தான் தேய்ந்து, விலை மிகுந்த சில்லைக் காக்கின்றது. கொட்டாஞ்சேனையில் வாழ்பவர்களுக்கோ துறைமுகம் கூப்பிடு தூரம். அங்கே பாரந்தூக்கிகளின் பற்சில்லுகள் ஒன்றோடொன்று பொருதிச் சுழல்கின்றன. அவை தேய்ந்தால் பாரந்தூக்கி நிற்கும். பாரந்தூக்கி நின்றால் கப்பல் காத்திருக்கும். ஒரிடத்தில் தேய வேண்டிய இரும்பும், மற்றோரிடத்தில் தேயவே கூடாத இரும்பும் நமக்கு வேண்டியிருக்கின்றன.

நான் வரலாறு கற்றவன், உலோகவியல் கற்றவனல்லன். ஆயினும் மன்னர்களின் போர்களை மட்டும் வரலாறு என்று மாணாக்கருக்குக் கற்பித்துவிட்டு, அம்மன்னர்களின் வாளையும் உழவரின் கொழுவையும் ஆக்கிய அறிவின் வரலாற்றைக் கூறாது விடுதல் குறை என்று பல காலமாக எண்ணி வந்தவன். அவ்வரலாற்றில் நம் இலங்கைத் தீவுக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, பண்டைக்காலத்தில் உருக்கு ஆக்கிய நாடு என்பது. மற்றொன்று, உலகத்தின் வார்ப்பாலைகளுக்குக் காரீயம் வழங்கிய நாடு என்பது.

காரீயம் என்றவுடன் ஈயம் என எண்ணி மயங்க வேண்டா. இந்நாட்டில் அப்பெயரால் வழங்குவது, பென்சிலின் நடுவேயிருந்து எழுதும் கரிய, வழுக்கும் தன்மையுள்ள பொருளே. அது காபனின் ஒரு வடிவம், வைரத்துக்கு உடன்பிறந்தது. இந்தக் காரீயம் இரும்பின் உள்ளே எந்த வடிவத்தில் படிந்திருக்கின்றது என்பதே, அவ்விரும்பு உடையுமா வளையுமா, தேயுமா நிலைக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றது. இதனை மனிதகுலம் தெளிவாக அறிந்துகொள்ள ஏறத்தாழ இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகள் சென்றன.

முதலில் நம் தீவின் பழங்கதையைக் காண்போம். இரத்தினபுரி மாவட்டத்தில், பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள மலைச்சாரலில், சமனலவெவ நீர்த்தேக்கம் அமைக்கப்பட்ட காலத்தில், அப்பகுதியைத் தொல்லியலாளர் ஆராய்ந்தனர். ஆங்கிலேய ஆய்வாளரான ஜில் ஜூலெஃப் என்னும் அம்மையார் அங்கே மேற்கு நோக்கிய சரிவுகளில் பழைய இரும்புலைகள் பலவற்றைக் கண்டார். அவற்றிற் பல கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. அவ்வுலைகளுக்குத் துருத்தி இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றே துருத்தியாயிற்று. உலையின் முன்சுவரைத் தாவிச் செல்லும் காற்று உள்ளே அழுத்தத்தைக் குறைக்க, அடியிலுள்ள மண்குழாய்கள் வழியே புதுக்காற்று தானாகவே உள்ளிழுக்கப்பட்டது. அம்மையார் 1994ஆம் ஆண்டில் அதே முறையில் உலை கட்டி எரித்துப் பார்த்து, காபன் மிகுந்த உருக்கு நேரடியாகவே கிடைப்பதை மெய்ப்பித்தார். அவருடைய கட்டுரை 1996ஆம் ஆண்டில் நேச்சர் என்னும் புகழ்பெற்ற அறிவியல் ஏட்டில் வெளிவந்தது. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு அறிஞர் அல்-கிந்தி, வாள்களுக்குரிய உருக்கைப் பற்றி எழுதுமிடத்துச் சரந்தீபு எனப்பட்ட நம் தீவையும் குறிப்பிடுகின்றார்.

அந்தத் தொழிலின் கடைசி மூச்சைக் கண்டு எழுதியவர் நமக்கு அயலவரல்லர். கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி அவர்களே. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர். கொட்டாஞ்சேனையைச் சார்ந்த கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லாற் புதுக்கிக் கட்டிய சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு மாமன் மகன். கலை அறிஞராகவே அவரை உலகம் அறியும். ஆயினும் அவர் முதலில் நிலவியலாளர். இந்நாட்டின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராக இருந்தவர். பலாங்கொடைப் பகுதியிலே முதியவர் சிலர் மட்டுமே அறிந்திருந்த இரும்புருக்கும் முறையையும் உருக்கு ஆக்கும் முறையையும் நேரிற் கண்டு, 1908ஆம் ஆண்டில் வெளியான தம் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் எழுதி வைத்தார். ஆங்கிலேயக் கப்பல்கள் மலிந்த விலையில் இரும்பைக் கொண்டுவந்து குவித்தபின், மலைச்சாரல் உலைகளை மூட்டுவார் இல்லாது போயினர். ஒரு தொழில் அழியும்போது நூல்கள் எரிவதில்லை. முதியவர் சிலர் மறைகின்றனர், அவ்வளவே. அதனாலேயே அவ்வழிவு எவருடைய கண்ணிலும் படுவதில்லை.

பலாங்கொடை உலைகளில் இரும்பு கட்டியாகவே கிடைத்தது; நீராக உருகி ஓடவில்லை. தூய இரும்பு உருகுவதற்கு 1,538 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் காபன் கலந்துவிட்டால், அதே இரும்பு 1,150 பாகைக்கு அண்மையிலேயே உருகிவிடும். இதனை முதலிற் பயன்கொண்டவர் சீனர். கிறித்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டளவிலேயே அவர்கள் இரும்பை உருக்கி அச்சுகளில் வார்த்துக் கலப்பைக் கொழுவும் பிறவும் ஆக்கினர். ஐரோப்பியர் இக்கலையை அடைந்தது இடைக்காலத்தின் இறுதியிலேதான். 1709ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி என்பவர் மரக்கரிக்குப் பதிலாகக் கற்கரியிலிருந்து பெற்ற கோக்கைக் கொண்டு இரும்புருக்கியபின், வார்ப்பிரும்பு மலிந்தது. அடுப்பும் பானையும், தூணும் பாலமும் வார்ப்பிரும்பாயின.

இவ்வார்ப்பிரும்பு இரு சாதி. உருகிய இரும்பு விரைவிற் குளிர்ந்தால், அதிலுள்ள காபன் இரும்போடு கூடிக் காபைட்டு என்னும் கடும்பொருளாகின்றது. உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாயிருக்கும். அதனால் அது வெள்ளை வார்ப்பிரும்பு. மணலோடு உராய்ந்தாலும் எளிதில் தேயாது; ஆனால் சம்மட்டி பட்டாற் கண்ணாடியைப் போல நொறுங்கும். மெல்லக் குளிர்ந்தால், சிலிக்கன் துணைசெய்ய, காபன் காரீயமாகப் பிரிந்து மெல்லிய தகடுகளாகப் படிகின்றது. இது சாம்பல் வார்ப்பிரும்பு. இதனை எளிதில் அறுக்கலாம், துளைக்கலாம். உராயும்போது காரீயம் தானே எண்ணெய் இட்டாற்போல வழுக்குதலைத் தருகின்றது. பிரேக் கட்டைக்கும் பொறிகளின் உருளைகளுக்கும் இது உகந்ததானமைக்குக் காரணம் இதுவே.

ஆயின் சாம்பல் இரும்பும் இழுத்தால் முறியும். ஏன் முறிகின்றது? வெள்ளவத்தையிலே காலி வீதியிலுள்ள புடைவைக் கடைக்குச் செல்லுங்கள். கடைக்காரர் துணியை அளந்து, ஓரத்திற் கத்தரியால் ஒரு சிறு வெட்டு இடுவார். பின்னர் இரு கைகளாலும் பற்றி இழுப்பார். துணி நேர்க்கோடாகக் கிழிந்துவிடும். வெட்டின் கூர்முனையில் அவருடைய கைவலிமை முழுவதும் சென்று குவிவதே இதற்குக் காரணம். அவ்விடத்தில் ஒரு வட்டத் துளை இருந்திருந்தால் துணி அவ்வளவு எளிதிற் கிழியாது. சாம்பல் இரும்பினுள் இருக்கும் ஒவ்வொரு காரீயத் தகடும் கத்தரி இட்ட ஒரு வெட்டுப் போன்றது. அத்தகைய வெட்டுகள் எண்ணற்றவை அதனுள்ளே இருக்கின்றன.

இக்குறைக்கு மனிதர் உயிரையே விலையாகக் கொடுத்தனர். 1879ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் இரவு, ஸ்கொத்லாந்தில் டே ஆற்றின்மேற் கட்டப்பட்டிருந்த பாலம் புயலில் இடிந்து, சென்றுகொண்டிருந்த புகையிரதத்தோடு நீரில் வீழ்ந்தது. ஏறத்தாழ 75 பேர் மாண்டனர். பாலத்தின் தூண்கள் வார்ப்பிரும்பு. அவற்றைப் பிணைத்த வார்ப்பிரும்புக் காதுகள் முறிந்தமை விசாரணையிற் புலனாயிற்று. வார்ப்பிரும்பின்மீது பொறியியலாளர் கொண்டிருந்த நம்பிக்கை பெரிதும் தளர்ந்தது.

இதற்கு முன்னரே சிலர் பரிகாரம் தேடியிருந்தனர். பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1722ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். வெள்ளை வார்ப்பிரும்பை நெடுநேரம் சூட்டில் வைத்தால் அதன் நொறுங்குந்தன்மை தணியும் என்று அதிற் காட்டினார். 1826ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே நியூ ஜேர்சி மாநிலத்தில் சேத் பொய்டன் என்பவர் அவ்வாறு செய்து பார்த்தபோது, காபன் காரீயக் கொத்துகளாகத் திரண்டு, இரும்பு வளையுந்தன்மை பெற்றது. ஆனால் அதற்குப் பல நாள்கள் உலையில் வைத்திருக்க வேண்டும். பருமனான பொருள்களை அம்முறையில் ஆக்கவும் இயலாது. வெப்பம் ஊட்டினால் வார்ப்பிரும்பின் உள்ளமைப்பை மாற்றலாம் என்னும் பெரும் பாடம் மட்டும் அப்பொழுதே கிடைத்துவிட்டது.

அக்காலத்தில் நம் பக்கத்தில் நிகழ்ந்தது யாது? கடலுக்கு அப்பால், தமிழகத்துப் பரங்கிப்பேட்டையில், ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830ஆம் ஆண்டில் சேலத்து இரும்புக்கல்லைக் கொண்டு ஊதுலை நிறுவினார். மரக்கரிக்காகக் காடுகள் அழிந்தன; ஆலையும் சில பத்தாண்டுகளில் நலிந்து மூடப்பட்டது. இலங்கையிலோ கோப்பித் தோட்டங்கள் பெருகின. கோப்பிப் பழத்தின் தோலுரிக்கும் பொறிகளை ஆக்கவும் பழுதுபார்க்கவும் 1854ஆம் ஆண்டில் ஜோன் வாக்கர் என்பவர் கண்டியில் ஒரு தொழிலகம் தொடங்கினார். 1864ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை முதற் புகையிரதம் ஓடியது. 1870களின் பிற்பகுதியில் இருப்புப்பாதை வெள்ளவத்தையைக் கடந்து தென்கரை நோக்கி நீண்டது. தண்டவாளமும் சில்லும் கொதிகலனும் கப்பலில் வந்தன. பருவக்காற்றைத் துருத்தியாக்கி உருக்கு ஆக்கிய தீவு, ஓர் ஆணிக்கும் கப்பலை எதிர்நோக்கும் தீவாயிற்று.

வந்த கப்பல் வெறுங்கையோடு திரும்பவில்லை. கோப்பியையும் தேயிலையையும் அன்றி, கேகாலை, குருநாகல் முதலிய மாவட்டங்களின் ஆழ்சுரங்கங்களில் வெட்டியெடுத்த காரீயத்தையும் மிடாக்களில் அடைத்துக் கொண்டு சென்றது. கொழும்பிலே கொட்டகைகளில் பெண்கள் பலர் முகமும் கையும் கருத்து அமர்ந்து, அக்காரீயத்தைத் தரம் பிரித்தனர். உலோகத்தை உருக்கும் மூசைகளை ஆக்குவதற்கு இலங்கைக் காரீயத்துக்கு நிகரில்லை என்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மூசை ஆக்குவோர் கருதினர். அது தீயைத் தாங்கும். வெப்பத்தை எளிதிற் கடத்தும். திடீர்ச் சூட்டில் வெடிக்காது. முதல் உலகப் போரின் நடுவில், 1916ஆம் ஆண்டில், ஏறத்தாழ 33,000 தொன் காரீயம் இங்கிருந்து சென்றது. அதன் பெரும்பகுதி மூசையாகிப் பிறருடைய உலோகத்தைத் தாங்கியது.

அவ்வாறு இலங்கைக் காரீயத்தைக் கொண்டு மூசை ஆக்கிய நிறுவனங்களுள் ஒன்று, அமெரிக்காவில் ஜேர்சி நகரத்திலிருந்த ஜோசப் டிக்சன் மூசை நிறுவனம். அதற்கு அடுத்த ஊர் பயோன். அந்தப் பயோனிலேயே, சர்வதேச நிக்கல் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், வார்ப்பிரும்பின் வரலாறு திரும்பியது.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. சுரங்கங்களிலும் அரைக்கும் ஆலைகளிலும் தேய்மானத்தைத் தாங்குவதற்கு நிக்கலும் குரோமியமும் கலந்த கடிய வெள்ளை வார்ப்பிரும்பு வழங்கி வந்தது. போரினாற் குரோமியம் கிடைக்காது போகுமோ என்னும் அச்சம் எழுந்தது. குரோமியத்துக்கு மாற்றாக வேறொன்றைக் காணும் பணி கீத் மில்லிஸ் என்னும் இளம் உலோகவியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஒவ்வொரு தனிமமாகச் சேர்த்துப் பார்த்தார். 1943ஆம் ஆண்டில் மக்னீசியத்தைச் சேர்த்தார். அதனைச் சேர்த்து வார்த்த சாம்பல் இரும்பு, அடித்தபோது உடையாது வளைந்தது. அதனை நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கியபோது, காரீயம் தகடுகளாக இல்லை. மிளகைப் போன்று உருண்டை உருண்டையாகத் திரண்டிருந்தது. கத்தரி வெட்டுகள் யாவும் வட்டத் துளைகளாக மாறிவிட்டன. தேயாத இரும்பைத் தேடப் புகுந்தவர் கையில் முறியாத இரும்பு கிடைத்தது.

இதற்கு வேண்டிய மக்னீசியமோ மிகச் சிறிது. ஒரு தொன் இரும்பில் இறுதியாக நிற்க வேண்டியது அரைக் கிலோவுக்கும் குறைவே. ஆயினும் அதனைச் சேர்ப்பது அச்சந்தரும் வேலை. இரும்பு உருகி நிற்கும் வெப்பத்தில் மக்னீசியம் கொதித்து ஆவியாகிவிடும். கண்ணைப் பறிக்கும் வெள்ளொளியோடு சீறும். சேர்த்தபின் தாமதித்தாலோ அதன் பயன் மறைந்து, காரீயம் மீண்டும் தகடாகிவிடும். குறித்த சில நிமிடங்களுக்குள் வார்த்து முடித்தல் வேண்டும்.

இதே காலத்தில் இங்கிலாந்தில், வார்ப்பிரும்பு ஆய்வுச் சங்கத்தைச் சேர்ந்த ஹென்ரன் மொறோ என்பவர், சீரியம் என்னும் வேறொரு தனிமத்தைச் சேர்த்து அதே உருண்டைக் காரீயத்தைத் தனியே அடைந்திருந்தார். 1948ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க வார்ப்பாளர் சங்கத்தின் மாநாடு பிலடெல்பியாவில் நடந்தபோது இவ்விரு செய்திகளும் உலகுக்குத் தெரிந்தன. 1949ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் மில்லிசுக்கும் அவருடைய துணைவர் இருவருக்கும் காப்புரிமை வழங்கப்பட்டது. நீர்க்குழாய், மோட்டார் வண்டியின் சுழலச்சு, பாரவண்டியின் உறுப்புகள் என இப்புதிய இரும்பு உலகெங்கும் பரவியது. இதனை நாம் வளையும் வார்ப்பிரும்பு என்று அழைப்போம்.

ஆனால் மில்லிஸ் முதலில் தேடியது தேயாமையன்றோ? அஃது என்னவாயிற்று? வார்த்தபடியே விட்ட வளையும் இரும்பு, உருக்கினால் ஆகிய நல்ல பற்சில்லோடு தேய்மானத்திற் போட்டியிட இயலாது. அதனைச் சுட்டு நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் கடினமாகும். ஆயின் பழையபடி நொறுங்குந்தன்மை தலைகாட்டும். கடினம் வந்தால் உறுதி போகின்றது. உறுதி வந்தால் கடினம் போகின்றது. கொல்லர் பட்டறையிலே ஆயிரமாண்டுகளாகத் தீராத வழக்கு இது.

அவ்வழக்குக்குத் தீர்ப்பு வேறொரு நூலில் எழுதப்பட்டிருந்தது. 1930ஆம் ஆண்டில் அமெரிக்கரான எட்கார் பெயினும் டேவன்போட்டும் உருக்கைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தனர். சுட்ட உருக்கை ஒரேயடியாகக் குளிர்விக்காமல், இடையிலுள்ள ஒரு வெப்பநிலையிற் கொண்டுபோய் நிறுத்தி, அங்கேயே காத்திருக்கச் செய்தால், கடினமும் உறுதியும் ஒருங்கே உள்ள ஒரு புதிய உள்ளமைப்பு உண்டாகும் என்பது அவர்கள் கண்ட உண்மை. இம்முறையை வளையும் வார்ப்பிரும்பின்மேற் செலுத்தித் தொழிலாக்கியது 1970களில். 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே குளிரூட்டிப் பெட்டியின் அமுக்கிப் பொறிக்குரிய ஒரு சிறு சுழலச்சு இம்முறையில் ஆக்கப்பட்டது. பின்லாந்தில் அடித்தாக்கிய உருக்குப் பற்சில்லுகளுக்குப் பதிலாக இவ்விரும்பிற் பற்சில்லுகள் ஆக்கப்பட்டன.

செய்முறையைச் சொற்களாற் கூறுதல் எளிது. வார்த்த பொருளை 900 பாகை செல்சியஸ் அளவிற் சுட்டு, ஓரிரு மணி நேரம் வைத்திருப்பர். பின்னர் அதனை நீரில் இடாமல், உருகிய உப்பு நிறைந்த தொட்டியில் விரைந்து இடுவர். அத்தொட்டியின் வெப்பம் 250 முதல் 400 பாகை வரை, வேண்டிய பயனுக்கேற்ப அமையும். அங்கே சில மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். வெப்பம் குறைந்த தொட்டியில் இட்டது கடினம் மிகுந்து தேய்மானத்தை நன்கு தாங்கும். வெப்பம் மிகுந்த தொட்டியில் இட்டது அடியைத் தாங்கும் உறுதி மிகப் பெறும். பொருள் பருமனாயின் நடுப்பகுதி விரைவிற் குளிராது. அதற்காகச் செம்பு, நிக்கல், மொலிப்டினம் ஆகியவற்றை முன்னரே சிறிதளவு கலப்பர். இவ்வாறு ஆகிய இரும்பு, சாதாரண சாம்பல் இரும்பைவிட நான்கு மடங்குக்கு மேற்பட்ட இழுவிசையைத் தாங்கும். உள்ளே காரீயம் இருப்பதால் உருக்கைவிடப் பத்தில் ஒரு பங்கு எடையும் குறைவு.

இனித் தேயாமையின் மறைபொருளைக் கூறுகின்றேன். மண்வெட்டி பிடித்துப் பழகாதவன் கையிலே முதல்நாள் கொப்புளம் எழும். நாள்தோறும் உழைப்பவன் கையோ காய்த்துப்போகும். எந்த இடத்தில் உராய்வு மிகுதியோ அந்த இடத்தில் மட்டும் தோல் தடித்துத் தன்னைக் காத்துக்கொள்ளும்; கையின் மற்றப் பகுதி மென்மையாகவே இருக்கும். இவ்விரும்பும் அத்தகையது. உப்புத் தொட்டியிற் காத்திருந்த காலத்தில், இரும்பின் ஒரு பகுதி ஊசி ஊசியாக மாறியிருக்கும். எஞ்சிய பகுதி காபனை மிகுதியாக உட்கொண்டு மாறாது தங்கியிருக்கும். அவ்வாறு தங்கிய பகுதி, மேற்பரப்பில் அழுத்தமும் அடியும் படும்போது, அவ்விடத்திலேயே கடும் பொருளாக மாறிவிடுகின்றது. ஆக, வேலை செய்யச் செய்ய மேற்றோல் கடினமாகின்றது. உள்ளே உறுதி குறைவதில்லை. மேற்றோல் தேய்ந்து போனாலும் அதன் கீழுள்ள படை அதே முறையிற் காய்க்கின்றது. உருண்டைக் காரீயமோ உராயுமிடத்தில் மைபோற் பரவி வழுக்குதலைத் தருகின்றது.

எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்று கூறுதல் மிகை. கூர்மணல் மெல்லென உரசிச் செல்லும் இடங்களில், அழுத்தம் போதாமையால் மேற்றோல் காய்க்காது. அங்கே குரோமியம் மிகுந்த வெள்ளை வார்ப்பிரும்பே நெடுநாள் நிற்கும். உராய்வும் அடியும் அழுத்தமும் சேர்ந்து வரும் இடங்களே இவ்விரும்பின் களம்: பற்சில்லு, கலப்பைக் கொழு, மண் வெட்டும் பொறியின் பல் ஆகியவை அத்தகையன. எந்த இடத்தில் எந்த வகைத் தேய்மானம் என்பதை அறியாது இரும்பைத் தெரிந்தெடுப்பது, நோயை அறியாது மருந்து கொடுப்பதற்கு நிகர்.

நேயர்களே, இக்கதையை நான் ஏன் கூறினேன்? 2022ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க மாட்டோம். ஏப்பிரல் மாதத்தில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாது என்று அறிவித்தது. டொலர் இல்லை, ஆகவே உதிரிப்பாகமும் இல்லை. பெரும் விலை கொடுத்து வாங்கிய பொறிகள், ஒரு சிறு உறுப்புத் தேய்ந்தமையால் அசையாது நின்றன. ஒரு நாடு பொறிகளை வாங்கிவிட்டால் முன்னேறிவிட்டது என்று எண்ணுதல் தவறு. அப்பொறியில் தேயும் உறுப்பை வார்க்கத் தெரிந்தபோதே அப்பொறி அந்நாட்டுக்கு உரியதாகின்றது. வாங்கிய பொறி ஒருமுறை செலவு. தேயும் உறுப்போ ஆண்டுதோறும் செலுத்தும் திறை.

நம்மிடம் ஒன்றும் இல்லாமலில்லை. 1967ஆம் ஆண்டில் சோவியத் நாட்டின் உதவியோடு அத்துருகிரியவுக்கு அருகே ஒருவலையில் உருக்காலை திறக்கப்பட்டது. இரத்மலானையில் புகையிரதத் தொழிலகம் இருக்கின்றது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொருளியலன்று, பொறிகளுக்குரிய பொருள்களைப் பற்றிய அறிவியலே தனித்துறையாகக் கற்பிக்கப்படுகின்றது. கொழும்பைச் சூழச் சிறு வார்ப்பாலைகள் பழைய இரும்பை உருக்கி வார்க்கின்றன. போகலையிலும் கஹட்டகஹவிலும் காரீயச் சுரங்கங்கள் இன்றும் இயங்குகின்றன. இல்லாதது, இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பிணைக்கும் எண்ணமே.

வார்ப்பாலையில் வேலை செய்பவன் படிக்காதவன், படித்தவன் கையிற் கரி படக்கூடாது என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பிள்ளை எழுதுவினைஞனானால் பெற்றோர் மகிழ்கின்றனர். வார்ப்பாலைக்குச் சென்றாற் குறைவாக எண்ணுகின்றனர். வேதமும் சிற்பமும் கற்ற ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைக் கொல்லரின் உலையருகே சென்று நின்று, அவர்கள் கூறியதைக் குறித்துக்கொண்டார். அவர் குறிக்காதிருந்தால் அவ்வறிவின் ஒரு பகுதி அம்முதியவர்களோடு மண்ணாகியிருக்கும். அந்தப் பணிவை நம் பாடசாலைகள் கற்பிக்க வேண்டும்.

வெள்ளவத்தை நிலையத்தில் மீண்டும் வண்டி வந்து நிற்கும். அக்கீச்சொலி மீண்டும் எழும். அதனைக் கேட்கும்போது உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள்: அங்கே எது தேய்கின்றது, ஏன் தேய்கின்றது, அதனை வார்த்தவர் யார்? கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளைகளுள் ஒருவரேனும் ஒருநாள் விடை தேடி வார்ப்பாலையின் வாயிலுக்குச் செல்வர். இரும்பு தேய்வதைத் தாமதிக்கலாம். முற்றும் தடுக்க இயலாது. அறிவு தேய்வதையோ, அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பதன் மூலம் முற்றும் தடுத்துவிடலாம்.